நுரையீரலுக்கு ஓய்வு தந்த பொறி

கொல்லன் பட்டறையில் உலைக்குக் காற்றூதும் துருத்தியை நம்மில் பலர் பார்த்திருப்போம். விரித்தால் காற்று உள்ளே புகும். அழுத்தினால் சீறிக்கொண்டு வெளியேறும். நமது மார்புக் கூட்டுக்குள் இருக்கும் நுரையீரலும் இத்தகைய ஒரு துருத்தியே என்று அறிஞர்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். நுரையீரல் ஓயாது விரிந்து சுருங்குவதால்தான் இரத்தம் ஓடுகிறது, அந்த அசைவு நின்றால் உயிரும் நின்றுவிடும் என்பது அவர்களில் பலருடைய எண்ணம்.

இந்த எண்ணம் சரிதானா? லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர்கள் முன்னிலையில் 1667-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி இதற்கு விடை தேடினார். நுண்ணோக்கி வழியே தக்கையைப் பார்த்து 'செல்' என்ற சொல்லை உயிரியலுக்குத் தந்தவர் இவரே. ஒரு நாயின் மார்பைத் திறந்து, அதன் மூச்சுக் குழாயில் துருத்தியைப் பொருத்தினார். நுரையீரலின் மேற்பரப்பில் கத்தி முனையால் சிறு துளைகள் இட்டார். பின்னர் இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி இயக்கிக் காற்று இடைவிடாமல் உள்ளே பாயும்படி செய்தார். காற்று உள்ளே நுழைந்து துளைகள் வழியே வெளியேறிய வண்ணம் இருந்தது. நுரையீரல் உப்பிய நிலையிலேயே அசையாமல் நின்றது. ஆயினும் நாய் உயிருடன் இருந்தது. அதன் இதயம் ஒழுங்காகத் துடித்தது. காற்றை நிறுத்தியதும் நாய் துடிதுடித்துச் சாகும் நிலையை அடைந்தது. காற்றை மீண்டும் செலுத்தியதும் பிழைத்துக்கொண்டது.

உயிரைக் காப்பது நுரையீரலின் அசைவன்று. அங்கே வந்து சேரும் புதிய காற்றே என்பது இதனால் தெளிவாயிற்று. ஹூக் அத்துடன் நிற்கவில்லை. இரத்தத்தை உடலுக்கு வெளியே ஒரு பாத்திரத்தின் வழியே ஓடவிட்டு, அங்கே அதன்மீது காற்றுப் படும்படி செய்தால், நுரையீரலே இல்லாமல் ஒரு விலங்கு வாழக்கூடுமா என்றும் சோதித்துப் பார்க்க வேண்டும் என எழுதி வைத்தார்.

அந்தச் சோதனையை அவர் செய்யவில்லை. ஆனால், அடுத்த முந்நூறு ஆண்டுகளில் மனிதன் தேடி அலைந்த இரண்டு கேள்விகளும் அன்றே பிறந்துவிட்டன. நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்ய முடியுமா? அப்படிச் செய்தால், உடலுக்கு உள்ளே இருக்கும் நுரையீரல் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு விடை காணப் பொறியியல் உதவியது. இரண்டாவது கேள்விக்கு விடை சொன்னவை நாய்களும் பூனைகளும் ஆட்டுக்குட்டிகளுமே.

நுரையீரல் செய்யும் வாணிபம்

நுரையீரலில் நடைபெறுவது ஒரு பண்டமாற்று. உடலெங்கும் சுற்றிவிட்டுக் கருஞ்சிவப்பாகத் திரும்பும் இரத்தம் அங்கே கரியமில வாயுவைக் கொடுத்துவிட்டுப் பிராணவாயுவைப் பெற்றுக்கொள்கிறது. செக்கச்செவேல் என்று மாறுகிறது. இந்த நிற மாற்றம் நுரையீரலில் காற்றுப் படுவதால் நிகழ்வது என்பதை, ஹூக்கின் சோதனையில் துணை நின்ற ரிச்சர்ட் லோவர் 1669-இல் வெளியிட்ட இதயம் பற்றிய நூலில் விளக்கினார்.

ஓய்வாக இருக்கும் ஒரு மனிதனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் பிராணவாயு தேவை. அவன் உடலில் உண்டாகும் கரியமில வாயு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி லிட்டர். இந்த வாணிபம் நடைபெறுவதற்காக நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பை மூடும். அதாவது ஒரு நடுத்தரமான வீட்டின் தரைப் பரப்பு! காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே இருப்பதோ, ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய சவ்வு. இத்தகைய அமைப்பை ஈடு செய்யும் ஒரு பொறியைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் அது முடியவில்லை. 1885-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை, மாக்ஸ் க்ரூபர் ஆகிய இருவர் ஒரு கருவியைச் செய்தனர். சுழலும் உருளையின் உட்புறத்தில் இரத்தத்தை மெல்லிய படலமாகப் பரவச் செய்து, அதன்மீது வாயுவைச் செலுத்தினர். 1895-இல் யாக்கோபி என்ற மற்றொரு ஜெர்மானியர் வேறு வழியைக் கையாண்டார். இறந்த விலங்கின் நுரையீரலையே எடுத்து, அதை இரத்தத்துக்குக் காற்றூட்டும் கருவியாகப் பயன்படுத்தினார். 1920-களில் மாஸ்கோவில் பணியாற்றிய செர்கேய் புருகொனென்கோவும் இவ்வாறே ஒரு நாயின் நுரையீரலைக் கொண்டு மற்றொரு நாயின் இரத்தத்துக்குப் பிராணவாயு ஊட்டினார்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரு பொதுப் பகை இருந்தது. உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் உறைந்துவிடும், குழாய்கள் அடைத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1916-இல் அவருக்குக் கிடைத்ததோ நேர்மாறான பொருள். அது இரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது. நாயின் கல்லீரலிலிருந்து எடுக்கப்பட்ட இத்தகைய பொருளுக்கு அவருடைய பேராசிரியர் ஹவல் 'ஹெப்பாரின்' எனப் பெயரிட்டார். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. இதன் பிறகே உடலுக்கு வெளியே இரத்தத்தை நீண்ட நேரம் ஓடவிடும் வழி திறந்தது.

ஓர் இரவும் பல பூனைகளும்

1930 அக்டோபரில் ஓர் இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர் ஒரு பெண்ணின் கட்டில் அருகே விழித்திருந்தார். பித்தப்பை அறுவைக்குப் பின் அப்பெண்ணின் நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கால் மணிக்கு ஒரு முறை குறித்து வைப்பது கிப்பனின் வேலை. இரத்தக் குழாய்கள் புடைத்தன. இரத்தம் மேலும் மேலும் கறுத்தது. காலையில் தலைமை அறுவை மருத்துவர் மார்பைத் திறந்து ஏழு நிமிடத்துக்குள் கட்டியை அகற்றினார். ஆனால் நோயாளி பிழைக்கவில்லை.

அந்த நீண்ட இரவில் கிப்பன் மனத்தில் ஓர் எண்ணம் உதித்தது. சிரையிலிருந்து கறுத்த இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஊட்டி, சிவந்த இரத்தமாகத் தமனிக்குள் செலுத்த முடிந்திருந்தால் அப்பெண் பிழைத்திருக்கக் கூடும் அல்லவா?

பெரியவர்கள் பலர் ஊக்கம் அளிக்கவில்லை. எனினும் கிப்பனும் அவருடைய மனைவி மேரியும் சேர்ந்து ஒரு பொறியை அமைத்தனர். சோதனைக்குப் பூனைகள் வேண்டும். அதற்காக இரவு நேரங்களில் மீன் துண்டையும் ஒரு கோணிப் பையையும் எடுத்துக்கொண்டு பாஸ்டன் தெருக்களில் திரியும் பூனைகளைத் தாமே பிடித்து வந்ததாகக் கிப்பன் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1935-இல் ஒரு பூனையின் நுரையீரல் தமனியை முற்றிலுமாக மூடிவிட்டு, 39 நிமிடங்கள் பொறியால் அதன் உயிரைத் தாங்கினர். இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு பொறி ஏற்றுக்கொண்டது! மகிழ்ச்சி தாளாமல் கணவனும் மனைவியும் சோதனைச்சாலையிலேயே ஆடிப் பாடினராம்.

பூனையிலிருந்து மனிதனுக்கு வர மேலும் 18 ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. போருக்குப் பின் ஃபிலடெல்ஃபியாவில் நாய்களைக் கொண்டு ஆராய்ச்சி தொடர்ந்தது. 1953 மே 6-ஆம் நாள் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயச் சுவரில் இருந்த ஓட்டையைக் கிப்பன் அடைத்தார். 26 நிமிடங்கள் அவளுடைய இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் பொறி செய்தது. அவள் நலம் பெற்று வீடு திரும்பினாள். திறந்த இதய அறுவை என்ற புதிய மருத்துவத் துறையே இதனால் வளர்ந்தது.

பொறி தந்த நோய்

பொறிகள் பெருகின, அறுவைகளும் பெருகின. ஆனால் மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தனர். இதய அறுவை வெற்றிகரமாக முடிந்திருக்கும். இதயம் நன்றாகத் துடிக்கும். ஆனால் அடுத்த ஓரிரு நாளில் நோயாளி மூச்சுத் திணறி இறந்துவிடுவார். திறந்து பார்த்தால், பஞ்சு போல் இருக்க வேண்டிய நுரையீரல் நீரும் இரத்தமும் கோத்துக் கல்லீரல் போல் கனத்துக் கிடக்கும். சோதனை நாய்களிலும் இதே காட்சி. 'பொறி நுரையீரல்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. நுரையீரலுக்கு மாற்றாக வந்த பொறி நுரையீரலுக்கே பகையாகிவிட்டது!

காரணம் என்ன? அன்றைய கருவிகளில் வாயுவும் இரத்தமும் நேருக்கு நேர் சந்தித்தன. சில கருவிகளில் இரத்தத்துக்குள் வாயுக் குமிழிகளே விடப்பட்டன. நமது உடலில் இவ்வாறு நடப்பதில்லை. இடையே சவ்வு இருக்கிறது. முட்டையின் வெள்ளைக் கருவை அடித்தால் நுரைத்து உருமாறுவதை நாம் அறிவோம். அதுபோலவே வாயுவை நேராகச் சந்திக்கும் இரத்தப் புரதங்கள் தம் இயல்பான வடிவத்தை இழந்து கெடுகின்றன என்று 1961-இல் ஒரு குழுவினர் எடுத்துக்காட்டினர். சிவப்பணுக்கள் உடைந்தன, நுண்ணிய குமிழிகளும் கட்டிகளும் தோன்றின. இப்படிக் கெட்ட இரத்தத்தைச் சந்திக்கும் சல்லடை எது? இதயத்திலிருந்து வரும் இரத்தம் முழுவதையும் நுண்குழாய்களின் வழியே வடிக்கும் நுரையீரல்தான்.

இன்னொரு காரணம் 1977-இல் வெளிப்பட்டது. செயற்கைச் சிறுநீரகத்தில் அன்று பயன்பட்ட செலோஃபேன் தாளோடு உறவாடிய இரத்தத்தின் தெளிந்த நீரை முயல்களுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் செலுத்திப் பார்த்தனர். சில நிமிடங்களில் வெள்ளணுக்கள் இரத்த ஓட்டத்திலிருந்து மறைந்தன. அவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் திரண்டு அடைத்துக்கொண்டிருந்தன! அந்நியப் பொருளைத் தொட்ட இரத்தம், பகைவன் வந்துவிட்டான் என்று போர் முரசு கொட்டுகிறது. வீரர்கள் ஓடி வந்து கூடும் களமாக நுரையீரல் ஆகிவிடுகிறது. இதனால்தான் எத்தனை நல்ல பொறியும் இரத்தத்துக்கு முற்றிலும் நட்பானது அன்று என்பதை இன்றும் நாம் மறக்கலாகாது.

சவ்வு நுரையீரல்

வாயுவையும் இரத்தத்தையும் பிரித்து வைக்கும் சவ்வுக்கான குறிப்பு தற்செயலாகவே கிடைத்தது. நெதர்லாந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில், கம்பன் என்ற ஊரில் வில்லம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தி வந்தார். அதன் செலோஃபேன் குழாய்க்குள் கறுப்பாக நுழைந்த இரத்தம் சிவப்பாக வெளிவருவதை அவர் கண்டார். பிராணவாயு சவ்வைக் கடந்து உள்ளே போயிருக்கிறது!

1950-களில் பல்வேறு பிளாஸ்டிக் தாள்களைக் கொண்டு சவ்வு நுரையீரல்கள் செய்யப்பட்டன. ஆனால் வாயுக்கள் அவற்றைக் கடப்பது மெதுவாகவே நடந்தது. சிலிக்கோன் ரப்பர் வந்த பிறகே வழி பிறந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த தியோடர் கோலபோவ், சிலிக்கோன் தாளைப் பாய் சுருட்டுவது போல் ஓர் உருளையில் சுற்றி, 1963-இல் ஒரு கருவியை அமைத்தார். தாளின் ஒரு பக்கம் வாயு. மறு பக்கம் இரத்தம்.

கிப்பனின் பொறி தாங்கியது மணிக்கணக்கை. கோலபோவின் கருவி தாங்கியது நாள் கணக்கை. 1968-இல் பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள், மயக்கம் எதுவும் இல்லாமல் விழித்த நிலையில், 96 மணி நேரம் வரை இக்கருவியோடு இணைக்கப்பட்டிருந்தன. 1969-இல் வாரன் ஜேபால், கோலபோவ் முதலியோர் குறைமாத ஆட்டுக் கருவைத் தாயின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, ஒரு தொட்டி நீரில் மிதக்கவிட்டு, 55 மணி நேரம் உயிருடன் வைத்திருந்தனர். அதன் நுரையீரல் ஒரு முறைகூடக் காற்றைச் சுவைத்ததில்லை.

விரைவில் மனிதருக்கும் இது வந்தது. 1971-இல் கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞர் ஒருவர், 75 மணி நேரம் சவ்வு நுரையீரலின் துணையால் உயிர் பிழைத்தார். 1975-இல் ராபர்ட் பார்ட்லெட் என்ற மருத்துவர், பிறந்தவுடன் நுரையீரல் கெட்டுப்போன ஒரு பெண் குழந்தையை மூன்று நாள் இம்முறையால் காப்பாற்றினார். தாய் விட்டுச் சென்றுவிட்ட அக்குழந்தைக்கு மருத்துவமனைச் செவிலியர் 'எஸ்பெரான்சா' எனப் பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள். 'எக்மோ' என்று இன்று அழைக்கப்படும் முறை இதுவே.

நம்பிக்கை தளர்ந்தது

ஒன்றிரண்டு வெற்றிகளால் ஒரு மருத்துவம் நிலைபெற்றுவிடாது. 1974 முதல் 1977 வரை அமெரிக்காவின் ஒன்பது மருத்துவ நிலையங்களில் பெரும் சோதனை ஒன்று நடந்தது. நுரையீரல் கடுமையாகச் செயலிழந்த 90 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். 48 பேருக்கு வழக்கமான மருத்துவம். 42 பேருக்கு அதனுடன் எக்மோ. முடிவு 1979-இல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் பிழைத்தோர் நால்வர். எக்மோ பெற்றவர்களிலும் பிழைத்தோர் நால்வரே!

இவ்வளவு செலவும் உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தானா? பலர் அப்படித்தான் நினைத்தனர். பெரியவர்களுக்கு இம்முறையைப் பயன்படுத்துவதைப் பல நிலையங்கள் கைவிட்டன. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டனர். பொறி ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நோயாளியின் சொந்த நுரையீரல் என்ன செய்துகொண்டிருந்தது?

அது முன்போலவே பாடுபட்டுக்கொண்டிருந்தது. செயற்கை சுவாசக் கருவி உயர்ந்த அழுத்தத்தில் காற்றை உள்ளே திணித்துக்கொண்டே இருந்தது. முதுகில் புண்ணோடு இருக்கும் மாட்டுக்கு உதவியாக இன்னொரு மாட்டைக் கட்டிவிட்டு, நுகத்தடியை மட்டும் புண்ணின் மீதிருந்து எடுக்காமல் விட்டது போல் ஆயிற்று.

மூச்சு விட மறந்த ஆட்டுக்குட்டிகள்

இதே காலத்தில் கோலபோவின் சோதனைச்சாலைக்கு இத்தாலியிலிருந்து லூசியானோ கட்டினோனி என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். இருவரும் ஓர் எளிய உண்மையிலிருந்து புறப்பட்டனர்.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை 100 இருக்கைகள் கொண்ட பஸ் என்று கொள்வோம். நுரையீரலுக்குத் திரும்பும்போதே அதில் 75 இருக்கைகளில் பிராணவாயு அமர்ந்திருக்கிறது. புதிதாக ஏற இடமிருப்பது 25 பேருக்கே. எனவே ஒரு லிட்டர் இரத்தம் சுமார் 50 மில்லி லிட்டர் பிராணவாயுவைத்தான் புதிதாக ஏற்க முடியும். உடலுக்கு வேண்டிய 250 மில்லி லிட்டரைத் தர நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தம், அதாவது ஏறக்குறைய இதயம் இறைக்கும் இரத்தம் முழுவதுமே, பொறியின் வழியே செல்ல வேண்டும்.

கரியமில வாயுவின் கணக்கு வேறு. அது இரத்த நீரிலேயே பெரும்பகுதி கரைந்தும் உருமாறியும் கிடக்கிறது. ஒரு லிட்டர் இரத்தத்தில் அது சுமார் 500 மில்லி லிட்டர் அளவுக்கு உண்டு. உடல் நிமிடத்துக்கு உண்டாக்குவதோ 200 மில்லி லிட்டர். எனவே சிறிதளவு இரத்தத்தை வெளியே எடுத்தாலே கரியமில வாயு முழுவதையும் அகற்றிவிடலாம்.

இனி இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாம் ஏன் ஓயாமல் மூச்சு விடுகிறோம்? பெரும்பாலும் கரியமில வாயுவை வெளியேற்றத்தான். பிராணவாயுவைப் பெற நுரையீரல் அசைய வேண்டும் என்பதில்லை. உள்ளே பிராணவாயு நிறைந்திருந்தால் போதும், இரத்தம் அதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

1977-இல் அவர்கள் தாமே மூச்சு விடும் ஆட்டுக்குட்டிகளைச் சவ்வு நுரையீரலோடு இணைத்து, கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக அகற்றினர். எவ்வளவு கரியமில வாயு வெளியே எடுக்கப்பட்டதோ, அந்த அளவுக்கு ஆட்டுக்குட்டியின் மூச்சு தணிந்தது. பாதியை எடுத்தபோது மூச்சும் ஏறக்குறையப் பாதியாயிற்று. உடல் உண்டாக்கும் அளவு முழுவதையும் எடுத்தபோது மூச்சு அநேகமாக நின்றே போயிற்று! ஆட்டுக்குட்டி திணறவில்லை, துடிக்கவில்லை. மூச்சு விட வேண்டிய தேவையே அதற்கு இல்லாமல் போயிற்று.

1980-இல் வெளியான அடுத்த ஆராய்ச்சியில், அசையாத நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் வழியே பிராணவாயுவைச் சிறிதளவு செலுத்தினர். நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நிமிடத்துக்கு ஓரிரு முறை மட்டும் மென்மையாகக் காற்றூதினர். அதுவே போதுமானதாக இருந்தது.

இங்கே சற்று நின்று பின்னோக்கிப் பார்ப்போம். 1667-இல் ஹூக் காட்டியதும் இதுதான் அல்லவா? உப்பிய நிலையில் அசையாமல் நின்ற நுரையீரல். உயிருடன் இருந்த விலங்கு. அன்று கரியமில வாயுவை அடித்துச் சென்றது துருத்திக் காற்று. இன்று அதை அகற்றியது உடலுக்கு வெளியே இருந்த சவ்வு.

மூச்சே காயப்படுத்துமா?

நுரையீரலை அசையாமல் வைப்பதால் என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். அசைப்பதால் என்ன தீங்கு என்பதையும் விலங்குகளே காட்டின. 1974-இல் வெப், டியர்னி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நலமான எலிகளுக்கு 45 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் செயற்கை மூச்சுக் கொடுத்தனர். ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் நுரையீரல் நீர் கோத்து, எலிகள் மாண்டன. 14 சென்டிமீட்டர் அழுத்தத்தில் மூச்சுப் பெற்றவைகளுக்குத் தீங்கில்லை. மூச்சை வெளிவிடும்போது நுரையீரல் முழுவதும் சுருங்கிவிடாமல் சிறிது அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைத்தால், கேடு வெகுவாகக் குறைந்தது. 1987-இல் கோலபோவ் குழுவினர் நலமான செம்மறி ஆடுகளுக்கு 50 சென்டிமீட்டர் அழுத்தத்தில் மூச்சுக் கொடுத்தபோது, அவற்றின் நுரையீரலும் கடுமையாகக் கெட்டது.

உயிர் காக்க வைத்த கருவியே, அளவு மீறினால் நலமான நுரையீரலையும் கெடுக்கும். அப்படியானால் நோயுற்ற நுரையீரலின் கதி என்ன? 90 நோயாளிகள் சோதனை தோற்றதன் பொருள் இப்போது விளங்கியது. பொறியின் உண்மையான பயன் பிராணவாயு ஊட்டுவது மட்டுமன்று. நுரையீரலைத் துருத்தி வேலையிலிருந்து விடுவித்து, ஆற விடுவதே.

கட்டினோனி தாயகம் திரும்பி இதை நோயாளிகளிடம் கையாண்டார். நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து மூச்சு மட்டும். கரியமில வாயுவை அகற்றுவது பொறி. 1986-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி 43 பேரில் 21 பேர் பிழைத்தனர். ஒப்பீட்டுக்கு வேறு குழு இல்லாத கணக்கு அது. ஆகவே அதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. 1994-இல் அமெரிக்காவில் ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த சோதனை ஒன்று இம்முறைக்குத் தனிச் சிறப்பு எதையும் காட்டவில்லை. ஆனால் 'நுரையீரலை வருத்தாதே' என்ற பாடம் மட்டும் நிலைத்தது. 2000-ஆம் ஆண்டில் 861 நோயாளிகளைக் கொண்ட சோதனை அதை உறுதி செய்தது. உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் வீதம் பெரு மூச்சுக் கொடுத்தபோது இறந்தோர் நூற்றுக்கு 40 பேர். 6 மில்லி லிட்டர் வீதம் சிறு மூச்சுக் கொடுத்தபோது 31 பேர். இங்கே புதிய மருந்து எதுவும் இல்லை. காற்றைக் குறைத்ததே மருந்தாயிற்று!

ஓய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. 1981-இல் கோலபோவ் ஆட்டுக்குட்டிகளின் இரத்தம் முழுவதையும் பொறி வழியே திருப்பிவிட்டார். நுரையீரல் தமனியில் இரத்தமே ஓடவில்லை. ஆட்டுக்குட்டிகள் தாமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தும், நுரையீரல் திசு பெருமளவில் அழிந்து போயிற்று. அசைவிலிருந்து விடுதலை தரலாம். இரத்தத்திலிருந்து விடுதலை தரலாகாது. நுரையீரல் கெட்டு இதயம் நன்றாக இருக்கும் நோயாளிகளுக்கு, பொறியில் சிவந்த இரத்தத்தைத் தமனியில் விடாமல் சிரையிலேயே திரும்ப விடுவதே இன்றைய வழக்கம். அந்த இரத்தம் வழக்கம்போல் நுரையீரல் வழியே சென்று அதற்கு ஊட்டம் அளிக்கிறது.

வளரும் நுரையீரல்

2018-இல் வெளிவந்த மற்றொரு சோதனையில் 249 பேர் பங்கு பெற்றனர். அறுபது நாளுக்குள் இறந்தோர் எக்மோ பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேர். மற்றவர்களில் 46 பேர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணிதம் எச்சரித்தது. எனினும் 1979-இன் இருளோடு ஒப்பிட்டால் இது பெரு வெளிச்சம். 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது 'எக்மோ' என்ற சொல் நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது.

1969-இல் தொட்டி நீரில் 55 மணி நேரம் வாழ்ந்த ஆட்டுக் கருவின் கதையும் தொடர்ந்தது. 2017-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள், குறைமாத ஆட்டுக் கருக்களை நீர் நிறைந்த பிளாஸ்டிக் பைகளில் நான்கு வாரம் வரை வளர்த்தனர். தொப்புள் கொடி ஒரு சவ்வு நுரையீரலோடு இணைக்கப்பட்டிருந்தது. இரத்தத்தை ஓட்டப் பொறி எதுவும் இல்லை. கருவின் சின்னஞ்சிறு இதயமே அந்த வேலையைச் செய்தது. அந்த நான்கு வாரமும் அவற்றின் நுரையீரல் காற்றைத் தொடவில்லை. ஆயினும் தாயின் வயிற்றில் வளர்வதைப் போலவே வளர்ந்து முதிர்ந்தது.

இவ்வளவும் எளிதில் வந்தவை அல்ல. 1664-இல் முதன்முதலாக ஒரு நாயின் மார்பைத் திறந்து சோதித்த ஹூக், அந்த உயிர் பட்ட வேதனையைக் கண்டு, இத்தகைய சோதனையை மீண்டும் செய்ய மனம் வரவில்லை என்று தம் நண்பர் ராபர்ட் பாயிலுக்கு எழுதினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பெயரில்லாத அந்த நாயும், பாஸ்டன் தெருப் பூனைகளும், மூச்சு விட மறந்த ஆட்டுக்குட்டிகளும் கற்றுத் தந்த பாடத்தை நாம் பெற்றோம். அதற்குரிய கடன் நம்மிடம் இருக்கிறது. தேவையற்ற வேதனை தராமல், தேவைக்கு மேல் ஓர் உயிரையும் எடுக்காமல் ஆராய்வதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

நோயுற்ற உறுப்பைத் துரத்தித் துரத்தி வேலை வாங்குவதுதான் மருத்துவம் என்று ஒரு காலத்தில் எண்ணினோம். அதன் சுமையைச் சில நாள் இறக்கி வைத்தால் அது தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பதை அந்த ஆட்டுக்குட்டிகள் நமக்குக் காட்டின. எக்மோ பொறி நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானே குணமாவதற்கு வேண்டிய நேரத்தைத்தான் அது தருகிறது.